சுற்றிப்போட்ட கண்ணாடி

ஆந்திரப் பக்கம் இருக்கும் எங்கள் புத்தூரில் கை கால் முறிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. எங்கெங்கோ விழுந்தவர்கள் எல்லாம் கட்டுக் கட்டிக்கொள்ள இங்கேதான் வருகிறார்கள். விழும்போது சட்டைப் பையில் இருந்த போனும் கூடவே விழுந்திருக்கும். ஆள் கட்டுக் கட்டப் போவார், போன் என்னிடம் வரும். கட்டுக் கட்டும் தெருவுக்குப் போகிற வழியில் நான் ரிப்பேர் கடை போட்டதற்கு அதுதான் காரணம். "அடுத்தவன் விழுந்தாத்தான் துர்காதேவிக்குப் பொழப்பு" என்று என் பெயரை இழுத்து என் அண்ணன் கிண்டல் செய்வான். செய்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை, உடைந்ததோ கருகியதோ, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். பொம்பளை ரிப்பேர் பார்க்கிறாள் என்றாலே ஊருக்கு ஒரு சந்தேகம். நல்லதை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டாள் என்று ஒருத்தர் வாயில் வந்துவிட்டால் போச்சு. அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது என்று பதினோரு வருஷமாக இப்படித்தான் செய்துவந்தேன். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு ஒரு பெண்ணின் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

காலை பத்தரைக்கு மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். வலது கையில் புதுக் கட்டோடு திருவேங்கடம், நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி ரத்னம்மா. இன்டர், அதாவது ப்ளஸ் டூ, முடித்த மகள் ஹரிதா. முந்தின நாள் சாயந்திரம் நகரி ரோட்டில் நாய் குறுக்கே ஓடி, மனிதர் பைக்கோடு விழுந்திருக்கிறார். கட்டு காய்ந்ததும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் சாயந்திரம் வரை ஊரில்தான் இருப்பார்களாம்.

போனை மேஜையில் வைத்தார்கள். கண்ணாடி நொறுங்கி, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. திரை முழுக்கக் கருப்பு. ஆனால் உள்ளே உயிர் இருந்தது.

"அடிக்குதும்மா. எடுக்கத்தான் முடியல" என்றார் திருவேங்கடம்.

ஹரிதா அவரைப் பேச விடவில்லை. "அக்கா, நர்சிங் கவுன்சிலிங்குக்கு இன்னிக்கு லாஸ்ட். ஆறு மணிக்குள்ள காலேஜ் ஆப்ஷன் போட்டு லாக் பண்ணணும். ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும். வரலன்னா சீட்டு போய்டும்."

"கடைசி நாள் வரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"சித்தூரா திருப்பதியான்னு வீட்ல அஞ்சு நாளா சண்ட. நைனா நேத்துதான் திருப்பதிக்கு ஒத்துக்கினாரு. ஒத்துக்கினு போனவரு வழியிலயே விழுந்துட்டாரு."

"யார் கண்ணு பட்டுச்சோ" என்றாள் ரத்னம்மா.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இது ஒரு வேலையா? சிம்மைக் கழற்றி என் போனில் போட்டால் ஓடிபி தானாக வந்து விழப்போகிறது. ஊசியால் சிம் தட்டை வெளியே இழுத்தேன். தட்டு காலி.

"சிம் எங்க?"

"அது ஈ-சிம்முக்கா. ஷோரூம்லயே மாத்திக் குடுத்துட்டாங்க."

சிரிப்பு போய்விட்டது. நம்பர் போனுக்குள்ளேயே இருக்கிறது, கழற்ற முடியாது. அதே நம்பரை வேறு போனுக்குப் புதிதாக வாங்கினால் ஒரு நாள் முழுக்க மெசேஜ் வராது, அது விதி. ஆக, ஆறு மணிக்குள் இந்தப் போனே கண் திறக்க வேண்டும்.

எதற்கும் கேட்டுவைப்போம் என்று திருப்பதியில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஐந்து நாள் ஆகுமாம், போனில் இருப்பதெல்லாம் அழிந்தும் போகலாமாம். சரி, ஸ்கிரீனையாவது எனக்கு விற்பீர்களா, நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் தெலுங்கில் சொன்னான்: "பயட்டிவாள்ளகி இவ்வமண்டி." வெளியாட்களுக்குக் கொடுக்க மாட்டார்களாம். இந்த ஊரில் தினமும் பத்து போனைப் பிழைக்க வைக்கிறேன், நான் வெளியாள்!

கையைக் கட்டுகிறவரிடம் போய், இந்த எலும்பைத் தொட உனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று எவனாவது கேட்கிறானா?

என்னிடம் அதே மாடலில் செத்துப்போன போன் ஒன்று இருந்தது. போர்டு வெந்துபோனது, ஸ்கிரீன் பழுதில்லை. அதைக் கழற்றி இதில் மாட்டினேன். திரை பளிச்சென்று எரிந்தது. வழக்கம்போல, இது இந்தப் போனின் ஸ்கிரீன் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வந்தது. இதே மாடலில் இருபது போனுக்கு மாற்றியிருக்கிறேன். அந்த எச்சரிக்கை எல்லாவற்றிலும் வரும், ஒரு நிமிஷம் முறைத்துவிட்டுப் போய்விடும்.

"முடிஞ்சுது. அர மணி சார்ஜ் ஏறட்டும். போய் எதனா துன்னுட்டு வாங்க" என்றேன். நொறுங்கிய கண்ணாடியை ரத்னம்மாவின் கையில் கொடுத்தேன். "உங்க பழசு. இனிமே இது எதுக்கும் ஒதவாது, தூக்கிப் போட்டுடுங்க."

அவள் அதிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள். முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

பன்னிரண்டரைக்குப் போனைக் கையில் எடுத்தேன். ஹரிதா எங்கிருந்தோ முயற்சி செய்திருக்கிறாள் போல, ஒரு மெசேஜ் வந்திருப்பதாகத் திரை காட்டியது. என்ன மெசேஜ் என்று காட்டவில்லை, பூட்டைத் திறந்தால்தான் காட்டும். அவர்கள் எழுதிக் கொடுத்திருந்த ஆறு எண்களை அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. விரலைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அணைத்துப் போட்டேன், கழற்றி மாட்டினேன். எல்லாம் தெரிகிறது, எதையும் தொட முடியவில்லை.

திருப்பதியில் கடை வைத்திருக்கும் தமிழரசுவுக்கு போன் செய்தேன். எனக்குத் தெரியாததை அவனிடம்தான் கேட்பேன்.

"போன வாரம் அப்டேட் வந்துச்சே, அதுலேர்ந்துதான்" என்றான். "முன்ன கம்பெனிக்காரன் வார்னிங் மட்டும் குடுத்துக்கினு இருந்தான். இப்ப வேற ஸ்கிரீன் போட்டா டச்சே எடுக்காது. எங்கிட்ட மூணு போன் அப்படிக் கெடக்குது."

"வழியே இல்லையா?"

"இருக்குது. அந்தப் போனோட பழைய ஸ்கிரீன்ல தொங்கற பட்டையில கடுகு மாதிரி ஒரு ஐசி, சின்ன சிப்பு, இருக்கும் பாரு, அத எடுத்து புதுசுல ஒக்கார வெக்கணும். தன்னோட ஸ்கிரீன்தான்னு நம்பிடும். பழசு வெச்சிருக்கற இல்ல?"

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டுக் கட்டும் இடத்தில் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"அக்கா, அந்தக் கண்ணாடி?"

ரத்னம்மா நிம்மதியான முகத்தோடு சொன்னாள்: "சுத்திப் போட்டுட்டேன். ரத்தம் பாத்தத வீட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது. உச்சி வேளைல ஒரு எலுமிச்சம்பழத்தோட இவருக்குச் சுத்தி, மூணு ரோட்டுல போட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள்மேல் கோபப்பட முடியுமா? தூக்கிப் போடச் சொன்னதே நான்தான். ஐசி விஷயத்தைச் சொன்னேன். ஹரிதா எழுந்து நின்றுவிட்டாள். திருவேங்கடம் கட்டுப் போட்ட கையைத் தாங்கியபடி, "அய்யய்யோ" என்றார். ரத்னம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது.

"போட்டத எடுக்கக் கூடாதும்மா. எடுத்தவங்கள அது புடிச்சிக்கும்."

"மொதல்ல இருக்குதான்னு பாப்போம், வாங்க."

மூன்று ரோடு கூடும் இடத்தில் லாரியும் ஷேர் ஆட்டோவும் ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருந்தன. எலுமிச்சம்பழம் நசுங்கித் தாரோடு தாராகக் கிடந்தது. கண்ணாடியைக் காணோம். ஹரிதா வண்டிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினாள், ஒரு பைக்காரன் அவளைத் திட்டிவிட்டுப் போனான். நான் சாக்கடை ஓரமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மணி இரண்டைத் தாண்டிவிட்டது. அங்கே டீக்கடை வைத்திருக்கும் பாலையா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியா? டயர் பஞ்சராவும்னு நான்தான் தொடப்பத்தால ஓரமா தள்ளி வுட்டேன்" என்றார். உடனே, "கைல தொடலம்மா, தொடப்பத்தாலதான்" என்று சேர்த்துக்கொண்டார். கம்பத்தடியில் இருந்த குப்பையைக் காட்டினார்.

டீ கப்புகளுக்கு நடுவே கிடந்தது. ஏதோ வண்டி ஏறியிருந்தது. கீழே தொங்கும் பட்டையின் ஒரு முனை மட்டும் நசுங்காமல் இருந்தது. ஐசி அந்த முனையில்தான் இருக்கும்.

எடுக்க வேண்டியது நான்தான், என் தொழில்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கை போகவில்லை. மைக்ராஸ்கோப்பும் மல்டிமீட்டரும் வைத்திருக்கிறேன்தான், ஆனாலும் முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் இன்றைக்கும் வண்டியை ஒதுக்கி ஓட்டுகிறவள் நான். என்மேல் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஹரிதா குனிந்தாள். ரத்னம்மா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ தொடாத."

"யம்மா, மணி ஆவுதும்மா!"

"தொடாதன்றேன் இல்ல!" மகளைப் பின்னால் தள்ளிவிட்டு, மூன்று முறை துப்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தானே குனிந்து, மத்தியானம் வீசிய அதே கையால் கண்ணாடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "போட்டவ நான்தான். வந்தா எனக்கே வரட்டும். நட."

கடைக்கு வந்ததும் மைக்ராஸ்கோப்பின் கீழே பட்டையை வைத்தேன். ஐசி உடையவில்லை. அதைச் சூடு காட்டிக் கழற்ற வேண்டும். சூடு கூடினால் செத்துப்போகும், குறைந்தால் பட்டையோடு கிழிந்து வரும். முதல் தடவை அது சிமிட்டா என்கிற குட்டி இடுக்கியிலிருந்து நழுவி மேஜைமேல் எங்கோ விழுந்தது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினோம். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று திருவேங்கடம் ஃபேனை நிறுத்தினார். கடைசியில் அது என் கைவளையலில் ஒட்டிக்கொண்டிருந்ததை ஹரிதாதான் பார்த்தாள். அதற்கே முக்கால் மணி போனது.

புதிய ஸ்கிரீனில் இருந்த ஐசியை எடுத்துவிட்டு இதை உட்கார வைத்தேன். ஐசியின் ஒரு கால் சரியாக ஒட்டவில்லை. எடுத்தேன், துடைத்தேன், மறுபடி வைத்தேன். என் வியர்வை லென்ஸில் சொட்டியது. இத்தனை பாடும் எதற்கு? ஒரு நல்ல ஸ்கிரீனை நல்ல போனில் மாட்டியதற்கு. எவனோ எங்கோ உட்கார்ந்துகொண்டு, நான் சொல்லும் கதவு வழியாக வந்தால்தான் உன் போன் உனக்கு என்று எழுதிவைத்துவிட்டான். அவனுக்கு நகரியும் தெரியாது, நர்சிங் சீட்டும் தெரியாது. வாய்க்கு வந்தபடி தெலுங்கிலும் தமிழிலும் திட்டிக்கொண்டேதான் வேலை செய்தேன். ரத்னம்மா கதவோரம் தரையில் உட்கார்ந்து, எடுத்த கையை மடியில் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் அவள் யாரையும் தொடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஐந்து இருபத்தெட்டுக்குப் போனை மூடினேன். திரை எரிந்தது. எச்சரிக்கை வரவில்லை. நான் தொடப் பயந்து திருவேங்கடத்திடம் நீட்டினேன். அவர் இடது கட்டை விரலால், எழுதப் பழகுகிற குழந்தையைப் போல, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பூட்டு திறந்தது.

"தெறந்துக்கிச்சு!" என்று கத்தியவர், கட்டுப் போட்ட கையையும் தூக்கிவிட்டு வலியில் உட்கார்ந்தார்.

ஹரிதா என் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தாள். முதல் ஓடிபி வருவதற்குள் நேரம் தாண்டிவிட்டது என்று அந்தப் பக்கம் சொன்னது. இரண்டாவது வந்தது. சித்தூர் காலேஜை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, திருப்பதியை மேலே வைத்து, லாக் என்ற பொத்தானை அழுத்தினாள். ஐந்து ஐம்பத்தொன்று. சேமிக்கப்பட்டது என்று வந்த வரியை அவள் நான்கு தடவை படித்தாள், பிறகு ஓவென்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ரத்னம்மா அழவில்லை. போய்க் குழாயடியில் அந்தக் கையை நெடுநேரம் கழுவினாள். திரும்பி வந்து மகளின் தலையில் அந்தக் கையை வைத்தாள்.

அவர்கள் கிளம்பும்போது, பழக்க தோஷம், உடைந்த கண்ணாடியை எடுத்து ரத்னம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீயே வெச்சிரும்மா. நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் இன்னும் இன்னா கேப்பானோ."

இனிமேல் இதில் எதுவும் தேவைப்படாது என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் இதே கண்ணாடியைக் கொடுத்தபோதும் அதைத்தான் சொல்லியிருந்தேன். ஒரு துண்டு டேப்பில் அவள் பெயரை எழுதி, கண்ணாடியில் ஒட்டி, மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.