சுத்திவர ஒரு மில்லி

1

இந்தக் கதை ஒரு பின்னூட்டமாகத்தான் பிறந்தது. சுவிஸ் தமிழர்களின் கார்க் குழு ஒன்றில் யாரோ கேட்டிருந்தார்: சின்னக் காரின் எஞ்சினைக் கொஞ்சம் பெருப்பிப்பது நல்லதா, அதைக் கழற்றிவிட்டுப் பெரிய எஞ்சின் போடுவது நல்லதா? எனக்கு இதில் அனுபவம் உண்டு என்று எழுதத் தொடங்கினேன். நாலு வரி நாற்பது வரியானது. அனுபவம் எனக்கில்லை, தவச்செல்வனுக்குத்தான் என்பது நாற்பத்தோராவது வரியில் தெரிந்தது. இதில் என் பங்கு ஒரேயொரு சொல். அதை எழுதாமல் தப்பலாமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “1986இல், பனி கொட்டிய ஒரு காலையில், தவச்செல்வன் எல்லையைக் கடந்து”

இல்லை. (இப்படித் தொடங்கினால் காருக்கு வந்து சேரவே இருபது பக்கம் வேண்டும். சின்னக் கதைக்குள் பெரிய எஞ்சினை இறக்குகிற வேலை அது. இறக்கிப் பார்த்தேன். எஞ்சினுக்கு மேலுள்ள பொனெற் மூடவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: 2012, ஓகஸ்ட். சுவிஸின் மலை நகரமான லா ஷோ-து-ஃபோன். தவச்செல்வன் கடிகாரத் தொழிற்சாலைகளுக்கு மெசின் செய்யும் ஒரு பட்டறையில் இரும்பு துளைக்கிறவர். அவருடைய மனைவி தில்லைநாயகிக்குப் புது வேலை கிடைத்திருந்தது. வயதானவர்களை வீடு வீடாகப் போய்க் குளிக்க வார்த்து மருந்து கொடுக்கிற வேலை. செப்ரெம்பர் மூன்றாம் திகதி திங்கட்கிழமை தொடக்கம். கார் கட்டாயம்.

அவர்களிடம் இருந்தது ஆயிரத்து நூற்றெட்டு சிசி சின்னச் சிவப்புக் கார். புகை தள்ளும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். வேறு காரில் போகலாமே என்று கேட்பீர்கள். கார் ஓட்டும் பரீட்சையில் பயிற்சியாளரின் காரில் இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் இந்தக் காரில் பாஸ் பண்ணியவர் தில்லைநாயகி. அதற்குப் பிறகு வேறு எந்தக் காரின் ஸ்டியரிங்கையும் தொட்டதில்லை.

3

இப்போது ராசா வர வேண்டும். பாசல் நகரில் கார் திருத்தும் ஒரு கராஜில் வேலை செய்கிறவன். என் முதல் பிரதியில் அவனுக்குத் தடித்த தங்கச் சங்கிலியும் கெட்ட சிரிப்பும் கொடுத்திருந்தேன். கதைக்கு ஒரு எதிரி வேண்டும் அல்லவா. உண்மையில் அவனிடம் சங்கிலி இல்லை. இரண்டாம் பிரதியில் நல்லவனாக்கி அவனுக்கே வாசித்துக் காட்டினேன். அவன் என்னிடம் சொன்னான், “இதை வெட்டி எடு, நிதி. ஆக்கள் ஓசியில கார் திருத்த வந்து நிப்பினம்.”

ஆகவே நல்லவனுமில்லை, கெட்டவனுமில்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவனும் தவச்செல்வனும் பிரியாணித் தட்டோடு சண்டை பிடித்தார்கள். தவச்செல்வனின் கட்சி: சிலிண்டர் எப்படியும் தேய்ந்துவிட்டது, ஒரு மில்லிமீற்றர் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட்டால் போதும். ராசாவின் கட்சி: இடிபட்ட கார் ஒன்றிலிருந்து ஆயிரத்து நானூறு சிசி எஞ்சினை எடுத்து மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் புதிதாகப் பதிய வேண்டும், பதியாவிட்டால் நம்பர் பிளேட்டைக் கழற்றுவார்கள் என்றார் தவச்செல்வன். ராசா கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

“ஒரு மில்லி துளைச்சா முப்பத்திரண்டு சிசி கூடும், செல்வன். ரெண்டு மேசைக்கரண்டி. இருமல் மருந்து குடிக்கத்தான் காணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். தவச்செல்வன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் கதைப்பதில்லை. ஆனாலும் பிஸ்டன் மலிவாக எடுக்க ராசாவைத்தான் பிடிக்க வேண்டும். நான் தொலைபேசி ஆனேன்.

4

தப்ப முடியாத இடம் இது.

ராசா என்னிடம் சொன்னது: “பிஸ்டன் ஒரு மில்லி பெரிசு. ஓட்டையையும் ஒரு மில்லி பெருப்பிக்கச் சொல்லு.”

நான் தவச்செல்வனிடம் சொன்னது: “சுத்திவர ஒரு மில்லி எடுக்கட்டாம்.”

(‘சுத்திவர’ என்பதை நான்தான் சேர்த்தேன். விளங்கட்டுமே என்று. நான் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிறவன். கேக்குக்கு ஓரம் வெட்டும்போதும் சுத்திவர என்றுதான் சொல்வோம். எழுதுகிற எனக்கு உள்ள பெரிய வியாதியும் இதுதான். ஒரு சொல் போதும் என்ற இடத்தில் இரண்டு வைப்பேன்.)

துளைக்கிறவருக்குச் சுத்திவர என்றால் இந்தப் பக்கம் ஒரு மில்லி, அந்தப் பக்கம் ஒரு மில்லி. குறுக்களவில் இரண்டு. பிஸ்டன் கையில் வரும் முன்னர் துளைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் முதலாளி பெரிய மெசினைத் தந்தது அந்த ஒரு சனிக்கிழமைதான். என் சொல்லை நம்பி, ஒரு நூல் பிசகாமல் துளைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ராசா பிஸ்டன்களோடு பாசலிலிருந்து தவச்செல்வன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்தான். நானும் வந்தேன். தவச்செல்வன் முதல் பிஸ்டனுக்கு எண்ணெய் பூசிச் சிலிண்டரின் வாயில் வைத்தார். அது அவர் கையை விட்டு நேராக உள்ளே போய், மறுபக்கத்தால் வந்து மேசையில் விழுந்தது.

“எவ்வளவு எடுத்தனீ?” ராசா மூன்று கிழமைக்குப் பிறகு அவரோடு கதைத்த முதல் வார்த்தை.

“சுத்திவர ஒரு மில்லி. நீதானே சொல்லிவிட்டனீ.”

“நான் சுத்திவர எண்டு சொல்லேல்ல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். முதலில் சிரித்தது தவச்செல்வன்தான். கதிரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

தில்லைநாயகி தேத்தண்ணியோடு இறங்கி வந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

“இன்னும் ஒன்பது நாள் கிடக்கு. திங்கள் நான் போகேலாட்டி அந்த இடத்துக்கு வேற ஆளை எடுத்திடுவினம். எஞ்சின் எதெண்டு நீங்கள் மூண்டு பேரும் முடிவெடுங்கோ. கார் இதுதான்.”

தட்டை வைத்துவிட்டுப் போனார். தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

5

முடிவு ஒன்று. துளைக்குள் இரும்பு உறை இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவந்து, பழைய அளவுப் பிஸ்டனைப் போடுகிறார்கள். இவ்வளவு பாடும் பட்டு, ஒரு சிசிகூடக் கூடவில்லை. எஞ்சின் புகைக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த முடிவு.

முடிவு இரண்டு. ராசாவின் ஆயிரத்து நானூறு உள்ளே போகிறது. வெள்ளிக்கிழமை பரிசோதனை. அதிகாரி பொனெற்றைத் திறந்து நெடுநேரம் பார்க்கிறார். தவச்செல்வன் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் மறந்து நிற்கிறார். பிறகு அந்த அதிகாரி

(இந்த வசனத்தை ஏழு விதமாக எழுதினேன். விட்டுவிட்டேன்.)

6

நடந்தது இவற்றில் ஒன்று. எது என்று எழுதி முடித்து, போன கிழமை தில்லைநாயகிக்கு அனுப்பினேன். அடுத்த நாள் அழைத்து, அந்தப் பந்தியை எடுக்கச் சொன்னார்.

“ஏன் நாயகி, பிழையாய் எழுதிப்போட்டனோ?”

“பிழையில்லை நிதி அண்ணை. நான் வேலைக்குப் போனனான் எண்டு எழுதுங்கோ, அது காணும். உள்ள என்ன கிடக்குதெண்டு ஆக்கள் என்ர காருக்குப் பின்னால வந்து அறியட்டும்.”

எடுத்துவிட்டேன். அந்தத் திங்கள் அவர் வேலைக்குப் போனார். ஏழு வருடமாக, அதே காரில், போகிறார்.

ஆகவே நீங்கள் நெஷாத்தெல் பக்கமிருந்து லா ஷோ-து-ஃபோனுக்கு மலை ஏறி வரும்போது முன்னால் ஒரு சின்னச் சிவப்புக் கார் போனால் கவனியுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடி பின்னால் ஊருகிறீர்களா, எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்குகிறீர்களா? ஹோர்ன் மட்டும் அடிக்காதீர்கள்.