பொணம் பேசக்கூடாது

என் கணவரை ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவர் செத்த கதையை யார் கேட்டாலும் இந்த ஒரு வரியில்தான் சொல்வேன். ஆலையில் பாய்லர் வெடித்த அன்று, நகரத்து ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே பக்கத்து முகாமிலிருந்து ராணுவ மருத்துவ வண்டி வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே கயிறு கட்டி எங்களை நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தேன். சீருடைக்காரன் ஒருவன் என் கணவர் பக்கத்தில் குனிந்தான், நிமிர்ந்தான், அடுத்த ஆளிடம் ஓடினான். அவ்வளவுதான். கடையில் தக்காளி வாங்குகிறவர்கள்கூட இன்னும் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால், "அங்கேயே முடிஞ்சிருச்சும்மா" என்றார்கள். அதைச் சொல்ல அவர்கள் அங்கே இருந்தார்களா என்ன?

அந்த அடுத்த ஆள் கொக்கு. என் கணவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். நெட்டையாக, ஒல்லியாக இருக்கிறான் என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். வெடிப்பில் அவனுக்கு ஒரு கால் முழங்காலோடு போனது. பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது, பாவம். அவன் பிழைத்துக்கொண்டான். அது அவன் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவன் ஊன்றுகோல் சத்தம் கேட்டாலே நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

ஒருநாள் என் தையல் கடைக்கே வந்து நின்றான். புதுக் கால்சட்டை, ஒரு காலை மட்டும் மடித்துத் தைக்க வேண்டுமாம். ஊரில் வேறு தையல்காரியே இல்லாத மாதிரி.

"அண்ணி, நான் இப்ப முகாம்ல வேலை பார்க்கிறேன். அடிபட்டவனா நடிக்கிற வேலை."

"நீ அதுக்கு நடிக்க வேற செய்யணுமா?"

"அதான் அண்ணி. மத்தவங்களுக்கு ரப்பர்ல கால் செஞ்சு பிய்க்கணும். என்னால அவங்களுக்குச் செலவு மிச்சம்."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். "யாருக்காக இந்தக் கூத்து?"

"சண்டை நடக்கிற இடத்துக்குப் போகப்போற மருத்துவப் பசங்களுக்கு. குண்டு வெடிச்ச இடம் மாதிரியே போட்டு வெச்சிருக்காங்க. யாரை முதல்ல பார்க்கணும், யாரை விட்டுட்டுப் போகணும்னு கத்துக்கறாங்க."

கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்தேன். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. "விட்டுட்டுப் போறதுக்குப் பயிற்சி வேறயா?"

"செத்தவங்க வேஷத்துக்கு ஆள் தேடறாங்க அண்ணி. ஒரே ஒரு தடவை வந்து படுத்துப் பாருங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொன்னா உங்களுக்கு ஏறாது."

"வரேன்டா. வந்து அவங்க சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் வருவேன்."

உண்மையில் என்னிடம் இருந்தது ஒரே கேள்விதான். அவன் இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் என் கணவர் பிழைத்திருப்பாரா? அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன், எழுந்தேன், கடையைத் திறந்தேன்.

முகாமில் பழைய கிடங்கு ஒன்றைப் பயிற்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். முதலில் ஒரு சின்ன அறை. அங்கே ஒரு பெண் மேஜை நிறையக் காயங்களைப் பரப்பி வைத்திருந்தாள். கிழிந்த தோள், வெந்த கை, எலும்பு தெரியும் தாடை. எல்லாம் ரப்பரும் பிசினும் சாயமும்தான். என் நெற்றியில் ஒன்றை ஒட்டி ஓரத்தைத் தேய்த்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினாள். எத்தனையோ துணிகளில் ஒட்டு தெரியாமல் தைத்தவள் நான். என் தோல் எங்கே முடிகிறது, அவள் ஒட்டிய தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை. அசந்துபோய் அவளையே பார்த்தேன்.

"அசையாதீங்கம்மா, ஒட்டிக்கட்டும்" என்றாள். பிறகு என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினாள். 'மூச்சு இல்லை. தாடையைத் தூக்கினாலும் வராது' என்று எழுதியிருந்தது.

பயிற்சி தரும் சார்ஜண்ட் வந்தார். தொப்பை இல்லாத, சிரிப்பும் இல்லாத மனிதர். "பையன் காதை வெச்சு கேட்கும்போது மூச்சை அடக்கிக்கோங்க. அப்புறம் ரொம்ப முக்கியம், பொணம் பேசக்கூடாது" என்றார்.

பேசாமல் இருப்பது என் பரம்பரையிலேயே கிடையாது. இருந்தாலும் தலையாட்டினேன்.

கூடத்துக்குள் கால் வைத்ததும் வாயடைத்துப் போனேன். கவிழ்ந்த வண்டி ஒன்று கரியேறிக் கிடந்தது. இடிந்த சுவர், சிதறிய கண்ணாடி, அணைந்து அணைந்து எரியும் விளக்கு. எங்கிருந்தோ புகையை விட்டார்கள். ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் கிளம்பியதும் தரை அதிர்ந்தது, அதிர்வு பல்வரை ஏறியது. பொய் என்று தெரிந்த உடம்பே இப்படி நடுங்குகிறதே, நிஜத்தில் இதற்குள் ஓடிவருகிறவன் எப்படிப்பட்டவன் என்று அப்போதுதான் முதல்முறையாக நினைத்தேன்.

வண்டி ஓரத்தில் என்னைப் படுக்க வைத்தார்கள். கை எட்டும் தூரத்தில் கொக்கு. மொட்டைக்காலில் சதை தொங்குவது போல ஒட்டியிருந்தது. சட்டைக்குள் ஒரு பை நிறையச் சிவப்புத் தண்ணீர், அதிலிருந்து காலுக்கு ஒரு குழாய். அவன் உள்ளங்கையில் ரப்பர் உருண்டை. அதை அமுக்க அமுக்க, இதயம் துடிக்கும் வேகத்தில் ரத்தம் பீய்ச்சும். தொடையில் ரத்தத்தை நிறுத்தும் பட்டையைச் சரியாக இறுக்கினால் அமுக்குவதை நிறுத்துவான்.

"பை காலியாச்சுன்னா?" என்று கேட்டேன்.

"நானும் காலி அண்ணி."

கதவு திறந்தது. பயிற்சிப் பையன் ஒருவன் முதுகில் பையோடு குனிந்து ஓடி வந்தான். கொக்கு அலறினான். பையன் முதலில் என்னிடம் வந்தான். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தாடையில் ஏதோ பட்டது, முகத்தருகே ஏதோ வந்தது, போனது. அவன் முட்டி தரையிலிருந்து எழும் சத்தம் கேட்டது.

எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. அவன் கணுக்காலை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதே!" என்று கத்தினேன். "நல்லாப் பாரு! இன்னும் கொஞ்சம் பாரு!"

பையன் வெலவெலத்துப் போனான். செத்தவள் காலைப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மறுபடி மண்டியிட்டான். அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் நெஞ்சில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தான். நான் விடவில்லை. அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டேன். என் பிடரியைச் சில்லென்று ஏதோ நனைத்தது. கொக்கின் அலறல் முனகலானது. பிறகு அதுவும் இல்லை.

விளக்கைப் போட்டார்கள். "கொக்கு போயாச்சு" என்றார் சார்ஜண்ட்.

திரும்பிப் பார்த்தேன். சிவப்பு அவனிடமிருந்து என் தலைமுடிவரை ஓடி வந்திருந்தது. வாய் பாதி திறந்து, கண் எங்கோ நிலைகுத்திக் கிடந்தான். உள்ளங்கையில் ரப்பர் உருண்டை சும்மா இருந்தது. நடிப்புதான், எனக்குத் தெரியும். ஆனாலும், அன்று அந்தச் சீருடைக்காரன் நின்றிருந்தால் இவன் இப்படித்தான் கிடந்திருப்பான். இத்தனை வருஷமாக நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே.

"அவங்க காலைப் பிடிச்சுக்கிட்டாங்க சார்" என்றான் பையன், அழாத குறையாக.

சார்ஜண்ட் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவனைப் பார்த்தே பேசினார். "பிடிப்பாங்க. செத்தவங்க பிடிக்க மாட்டாங்க, அவங்களோட சொந்தக்காரங்க பிடிப்பாங்க. நீ போய்த்தான் ஆகணும். மறுபடி செய்."

கொக்கு எழுந்து உட்கார்ந்து பையை நிரப்பிக்கொண்டான். தரையில் ஓடிய சிவப்பைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு எங்களை மறுபடி படுக்க வைத்தார்கள். புகை வந்தது, வெடிச்சத்தம் வந்தது, கொக்கு அலறினான்.

இந்தத் தடவை நான் கண்ணை முழுக்க மூடவில்லை. இமைக்குக் கீழே ஒரு நூல் அளவு விட்டுவைத்தேன்.

பையன் மண்டியிட்டான். என் நெற்றியில் ஒரு கை, தாடைக்குக் கீழே இரண்டு விரல். மெதுவாக, ஏதோ உடைந்துவிடும் என்பது போலத் தலையைச் சாய்த்தான். பிறகு குனிந்து தன் கன்னத்தை என் வாயோடு ஒட்ட வைத்தான். காது என் மூக்கின்மேல், கண் என் நெஞ்சின்மேல். கழுத்தில் விரல். அவன் கன்னம் சூடாக இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அவனும் அடக்கிக்கொண்டிருந்தான்.

சுற்றிலும் உலகமே வெடித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். இவனோ எனக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்பதற்காகத் தன் மூச்சை நிறுத்தி வைத்திருக்கிறான். அவசரப்படவில்லை. இவ்வளவு கவனமாக என் முகத்தருகே யாரும் இருந்ததில்லை. அம்மாடி, இதுவா அது! கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், குனிந்தான், நிமிர்ந்தான் என்றுதான் தெரியும். அன்றைக்கு அந்த மனுஷன் என் கணவர் முகத்தில் கன்னத்தை வைத்துக் கேட்டிருக்கிறான். தன் மூச்சை நிறுத்திக் கேட்டிருக்கிறான். அங்கே கேட்க ஒன்றுமில்லை.

பையன் தலையைத் தூக்கினான். எழுந்திருக்க வேண்டியவன் எழவில்லை. என் கையையே பார்த்தான், எங்கே மறுபடி பிடித்துவிடுவேனோ என்று. பக்கத்தில் கொக்கின் அலறல் இறங்க ஆரம்பித்திருந்தது.

என் கையை முதுகுக்குக் கீழே தள்ளி அதன்மேல் படுத்துக்கொண்டேன்.

"போ, தம்பி" என்றேன்.

ஓடினான். பட்டையின் ஒட்டு பிரியும் சத்தம் கேட்டது. அதில் இருக்கும் குச்சியை அவன் திருகத் திருகக் கொக்கு நிஜமாகவே வலியில் கத்தினான், ஏனென்றால் அந்த இறுக்கு பொய்யில்லை. பீய்ச்சிய சிவப்பு சொட்டாகி, நின்றது. பையன் குச்சியை மாட்டிப் பூட்டினான், கொக்கின் தோளைத் தட்டினான், புகைக்குள் அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டான். அவன் முதுகைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கண்ணீர் காதுக்குள் ஓடிக் கூசியது. பொணம் கண்ணைத் துடைக்கக் கூடாதே என்று சும்மா கிடந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து மெல்லக் குரல் வந்தது.

"அண்ணி, இருக்கீங்களா?"

"நான் செத்துட்டேன்டா" என்றேன். "நீ பொழைச்சுக்கோ."