முழங்கைக்கு வெளியே மணிக்கட்டு

தேனி மைதானத்தில் சாஃப்ட்பால் அரையிறுதி ஆட்டத்தின் முதல் பந்தை மாரீஸ்வரி வீசியதுமே அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி, "இல்லீகல் பிட்ச்" என்றார்; விதிக்கு மாறான வீச்சு.

பந்து சரியாகத்தான் போயிருந்தது. பேட்டரின் மட்டையைத் தாண்டி, கேட்சர் ஷெரினின் கையுறைக்குள் சத்தத்தோடு விழுந்தது. கைதட்டத் தொடங்கிய, அவள் ஊரான கோம்பையின் பையன்கள் பாதியில் நிறுத்தினார்கள். அவர்களைத் திராட்சை ஏற்றும் தன் வேனில் அழைத்து வந்திருந்தவன் மாரியின் அண்ணன் தங்கப்பாண்டி.

அடுத்த பந்துக்கும் அதே கை நீண்டது. அதற்கடுத்ததற்கும். தவறான பந்து நான்கானால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்; நான்காவது முறை அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தே போனாள்.

மதுரையிலிருந்து வந்திருந்த அந்த அம்பயர் பொறுமையானவர். மாரியின் கல்லூரிப் பயிற்சியாளர் பிரின்சியை அழைத்துச் சொன்னார்.

"மேடம், கை சுத்திக் கீழே வர்றப்ப மணிக்கட்டு இடுப்பை ஒட்டி வரணும். முழங்கையை விட வெளியே போகக் கூடாது. இந்தப் பொண்ணுக்கு ஒவ்வொரு பந்துக்கும் போகுது."

பிரின்சிக்கு அது தெரியும். மாரியின் வலது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. முழங்கையை விலாவோடு இறுக்கி, மணிக்கட்டை உள்ளே கொண்டுவர இருவரும் மாதக்கணக்கில் முயன்றிருந்தார்கள். அப்படி வீசினால் முன்கை தொடையில் மோதிக் கன்றிப்போனது. வேகமும் செத்துப்போனது. "உன் போக்குலயே போடும்மா. நம்ம பக்கத்து அம்பயருக யாரும் கண்டுக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டார் பிரின்சி. அதற்குப் பிறகு ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். மாரியின் படம் பேப்பரில் வந்தது. விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலை நிச்சயம் என்று தங்கப்பாண்டி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

இப்போது அவன் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான்.

"என்னா சார், பிள்ளை நல்லாத்தான போடுது? கோம்பைக்காரின்னா எளக்காரமா?"

"தம்பி, வெளியே போங்க. கை நேரா இல்லை. நான் என்ன செய்ய? பிறவியிலேயே இப்படியா?"

"இல்ல சார். மாடிப்படியில விழுந்துட்டா. கட்டுப் போட்டோம், லேசா வளைஞ்சு கூடிருச்சு. பாவம் சார், கண்டுக்காம விடுங்க."

மாரி பந்தைக் கையில் வைத்தபடி நின்றிருந்தாள். பள்ளியில் கடைசி வருடம் கோயம்புத்தூர் விளையாட்டு முகாமுக்குக் கிளம்பிய காலையில், டவுசர் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள் என்று யாரோ தங்கப்பாண்டியிடம் சொல்லியிருந்தார்கள். கோம்பை பஸ் ஸ்டாப்பில் அவள் பஸ் படியில் ஏறி, வலது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். பின்னாலிருந்து அவன் இழுத்தான். அவள் பிடியை விடவில்லை என்றதும் கையை முறுக்கி இழுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டிலேயே கட்டுப் போட்டார்கள். மாடிப்படி கதையை அம்மா ராமுத்தாய்தான் சொல்லிக்கொடுத்தாள். மாரியும் எல்லாரிடமும் அதையே சொல்லி வந்தாள்.

"விழுகல சார்" என்றாள் மாரி. "இவந்தான் ஒடிச்சான்."

ஷெரின் முகக்கவசத்தைக் கழற்றினாள். கோம்பைப் பையன்களில் ஒருவன் சிரித்தான், பிறகு அடங்கினான். தங்கப்பாண்டி யார் முகத்தையும் பார்க்காமல் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பையன்கள் பஸ்ஸில் திரும்பினார்கள்.

பிரின்சி மாரியை வெளியே உட்காரவைத்து வேறொருத்தியை வீசச் சொன்னார். தோற்றார்கள். கிளம்பும்போது மாரியின் தோளைத் தொட்டு, "அடுத்த வருசம் நீ வீச வேணாம், உன்னை ஃபர்ஸ்ட் பேஸ்ல நிப்பாட்டுறேன்" என்றார். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் ராமுத்தாய் முகம் கொடுக்கவில்லை.

"அவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். ஊரு முன்னாடி இப்படிப் பேசிட்டு வந்திருக்க. இனி எவன் குடுப்பான்?"

"என் கையி?"

"வளைஞ்சது வளைஞ்சதுதான. சோறு திங்க முடியுதுல்ல?"

மாரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அந்த வார முடிவில் தங்கப்பாண்டி அவளிடம் வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான்.

"மதுரையில விசாரிச்சேன் ஆத்தா. எலும்பை வெட்டி நேராக்கிரலாமாம். பண்ணிட்டு மறுபடி போடு. வேலை போயிரக் கூடாதுல்ல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மன்னிப்பாவது வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

"அன்னைக்கு பஸ்ல வச்சு இழுத்தப்ப, வலிக்குதுண்ணே, விடுண்ணேன்னு கத்துனேன். உனக்குக் கேட்டுச்சா?"

பஸ் உறுமிக்கொண்டிருந்தது, ஆட்கள் கூச்சல் போட்டார்கள், அதில் கேட்டிருக்காது என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததால்தான் ஒரே வீட்டில் அவனுக்குச் சோறு போட முடிந்தது.

தங்கப்பாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டுச்சு" என்றான்.