துணி மூட்டை

"எர்த்தா? அதெல்லாம் பங்களாவுல கீறவன் கேக்கணும். லைன் ஊட்டுக்கு எர்த்து கேட்டா நான் எங்கம்மா போறது? ரப்பர் செருப்பு போட்டுக்கினு ஒக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனார் வீட்டுக்காரர் அரசப்பன்.

புதுவாயலில் அந்த ஒற்றை அறைக்குள்தான் ஏஞ்சலின் ஆபீஸ் போட வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கஸ்டமர்களோடு போனில் பேசுகிற வேலை. மேசை இரும்பு. அவள் புருஷன் ஸ்டீபனோடு ரோலிங் மில்லில் வேலை செய்யும் வெல்டர், மிச்ச ஆங்கிளில் அடித்துக் கொடுத்தது. எர்த்து இல்லாத பிளக்கில் லேப்டாப்பைச் செருகினால் மேசை முழுக்கச் சுரீரென்று கரண்ட் இழுக்கும். வீட்டில் இருந்த ஒரே ரப்பர் செருப்பு ஸ்டீபனுடையது. அதைப் போட்டுக்கொண்டால் இழுப்பதில்லை.

இன்று கம்பெனியிலிருந்து வீடியோவில் அறையைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் இன்றே வேலை. ஆனால் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது.

ஆள் இருந்தான். இரவெல்லாம் உலை முன்னால் நின்றுவிட்டுக் காலையில்தான் ஸ்டீபன் வந்து படுப்பான். தூங்காமல் ஷிஃப்ட்டுக்குப் போன ஒரு நாளில்தான் அவன் வலது கைச் சுண்டுவிரல் போனது. பகல் தூக்கத்தில் ஏஞ்சலின் கை வைப்பதே இல்லை.

"டேபிளுக்குக் கீய பட்துக்கறேன். கேமராவுல தெரியாது" என்றான், மேலே பட்டால் ஷாக் அடிக்காமலிருக்க மேசைக் கால்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டே.

"கொறட்ட வுடுவியே, அதுக்கு இன்னா பண்றது?"

"காலால ஒரு ஒத வுடு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அதுக்குத்தான காத்துக்கினு கீற."

பாயை விரித்துப் படுத்தவன் அடுத்த நிமிடம் கட்டையாகிப் போனான்.

வீடியோவில் வந்த ரம்யா மேடம் தன்மையாகத்தான் பேசினாள். "சேர் ஓகே. லைட் ஓகே. டேபிளுக்கு அடியில வயர் எப்படிப் போகுதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

ஏஞ்சலின் உதைத்தாள். நிஜமாகவே வலிக்கிற மாதிரி உதைத்தாள். கீழே அசைவு தெரிந்தது. அவள் லேப்டாப்பைத் தாழ்த்துவதற்குள் ஸ்டீபன் தலையோடு போர்வையை இழுத்துச் சுருண்டிருந்தான்.

"அது என்னங்க?"

"துணி மூட்டை மேடம். தொவைக்கணும்."

மூட்டை மூச்சு விடவில்லை.

"வயர் பக்கத்துல துணி வைக்கக் கூடாதுங்க, தீப்பிடிச்சிடும். உங்க சேஃப்டிக்குத்தான் சொல்றேன். வெளிய வச்சிட்டு வந்து காட்டுங்க, வெயிட் பண்றேன்."

ஏஞ்சலின் லேப்டாப்பைச் சுவர் பக்கம் திருப்பினாள். மூட்டை நாலு காலில் தவழ்ந்து கதவு வரை போனது. அங்கே எழுந்து திரும்பிப் பார்த்தான். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வெளியே போனதும் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"இப்ப சூப்பர். லாகின் பண்ணிக்குங்க. ஷிஃப்ட் முடியிற வரைக்கும் சீட்ட விட்டு எழுந்திருக்கக் கூடாது, கதவும் திறக்கக் கூடாது. கேமரா ஆன்லயே இருக்கட்டும்."

முதல் ஆள் லைனில் வந்தான். ஃபிரிட்ஜ் ஓடவில்லையாம். எடுத்த எடுப்பில் திட்ட ஆரம்பித்தான். வெளியே மே மாதத்து வெயில். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், அத்தனை கதவிலும் பூட்டு. நிழலுக்கு ஒரு முருங்கை கூடக் கிடையாது.

கதவின் அடியில் எலி கடித்த சந்து வழியாக ஒரு கை உள்ளே வந்தது. நாலு விரல். தரையை இரண்டு தரம் தட்டியது. வெளியே சிமெண்ட் சுடுகிறதாம்.

ஏஞ்சலின் உட்கார்ந்த இடத்திலிருந்தே செருப்பைக் கழற்றிக் காலால் தள்ளினாள். ஒன்று சந்துக்கே போய்விட்டது. இன்னொன்று பாதியில் நின்றது. கை துழாவியது, எட்டவில்லை. பிறகு முழங்கை வரை உள்ளே நுழைந்து, விரல் நுனியில் மாட்டி இழுத்துக்கொண்டது. செருப்புச் சத்தம் ரோட்டுப் பக்கம் போனது. லுங்கியோடு எங்கே போய்ப் படுப்பான்?

"ஹலோ, இருக்கீங்களா இல்லையா?" என்று காதுக்குள் கத்தினான் ஃபிரிட்ஜ்காரன்.

டைப் அடிக்கக் கையை வைத்தாள். சுரீரென்று தோள்பட்டை வரைக்கும் இழுத்தது. இரண்டு காலையும் பிளாஸ்டிக் நாற்காலி மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் இனிக் கீழே வைக்க முடியாது.

"இருக்கேன் சார்" என்றாள். "சொல்லுங்க."