ராஜாங்கத்தின் மாட்டு வண்டி ஊர்வலம்

எங்கேயோ அமெரிக்கக் கடலில் புயல் அடித்தது. செஞ்சியில் ராஜாங்கத்துக்கு யோகம் அடித்தது. அப்படித்தான் அவர் நினைத்தார். கடலுக்குள் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவிட்டு ஆட்கள் கரையேற, உலகமெங்கும் விலை எகிறி, ஒரே வாரத்தில் இங்கே டீசல் லிட்டருக்கு நான்கு ரூபாய் கூடியது. பேரூராட்சித் தேர்தலில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவருக்கு இதைவிட என்ன வேண்டும்? விலை உயர்வைக் கண்டித்து மாட்டு வண்டி ஊர்வலம் என்று போஸ்டர் ஒட்டிவிட்டார். மாவட்டச் செயலாளரே வருவதாகச் சொல்லியிருந்தார். ஊர்வலம் நன்றாக நடந்தால் மறுபடியும் சீட்டு. சொதப்பினால் கட்சியில் நாய்கூட மதிக்காது.

சிக்கல் என்னவென்றால், செஞ்சி டவுனில் மாட்டு வண்டியே இல்லை. தளவானூர் வரை அலைந்து, பழைய பழக்கமான விவசாயி அரிகிருஷ்ணனிடம் இரண்டு வண்டியும் நான்கு மாடும் பிடித்தார். நடத்திக் கூட்டி வந்தால் மாடு களைத்துவிடும் என்று வாடகைக்கு ஓட்டும் தன்னுடைய இரண்டு மினி லாரிகளில் எல்லாவற்றையும் ஏற்றி வந்தார். டீசல் விலையைக் கண்டிக்க வந்த மாடுகள் டீசல் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து டீக்கடையே சிரித்தது.

ராஜாங்கம் சிரிக்கும் நிலையில் இல்லை. புயல் வலுவிழந்துவிட்டதாகச் செல்போனில் செய்தி ஓடியது.

"இன்னும் ரெண்டு நாள் அடிச்சிருக்கக் கூடாதா?"

அரிகிருஷ்ணன் மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டபடி சொன்னார். "நம்மூர் புயல்ல என் கொட்டாய் போனப்போ இன்னா பாடுபட்டேன்னு பார்த்தவன்தானே நீ? அங்கயும் ஜனங்கதானே இருக்குது."

ராஜாங்கத்துக்குச் சுருக்கென்றது. அன்று இடுப்பளவு தண்ணீரில் வீடு வீடாகப் பால் பாக்கெட் சுமந்தவர் அவர்தான். தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஒன்பது மணிக்குச் செயலாளர் கூப்பிட்டார். "விலைய குறைச்சிட்டாங்கய்யா. இன்னும் எதுக்கு ஊர்வலம்? கலைச்சிடு." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

அதற்குள் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். "விலை குறைஞ்சிடுச்சு, எல்லாரும் கிளம்பலாம்" என்று மைக்கில் சொன்னார் ராஜாங்கம். யாரும் நகரவில்லை.

மார்க்கெட் கமிட்டியில் விற்க வாடகை லாரியில் நெல் ஏற்றி வரும் ஜெயக்கொடி அக்கா முன்னால் வந்தார். "டீசல் ஏறின அன்னிக்கே மூட்டைக்குப் பத்து ரூபா வாடகைய ஏத்திட்டீங்க, தம்பி. இப்போ இறக்குவீங்களா?"

முதலில் வாடகையை ஏற்றியதே ராஜாங்கம்தான். மழுப்பலாம். மழுப்பித்தான் இருபது வருடம் அரசியல் செய்திருக்கிறார். ஆனால் சீட்டே கையை விட்டுப் போன பிறகு யாருக்காக மழுப்புவது?

"ஏத்தினது நான்தான், அக்கா. என்னைப் பார்த்துத்தான் மத்தவங்களும் ஏத்தினாங்க. இன்னிலேர்ந்து பழைய வாடகை. அவங்ககிட்டயும் நானே போய்ப் பேசறேன்."

யாரும் கைதட்டவில்லை. ஆனால் அவர் லாரி ஸ்டாண்டுக்கு நடந்தபோது நாற்பது பேரும் கூடவே நடந்தார்கள். மதியத்துக்குள் மற்ற ஏழு வண்டிக்காரர்களில் ஐந்து பேர் வாடகையைக் குறைத்தார்கள். ஒருவர் மட்டும் கண்டபடி திட்டினார். ராஜாங்கம் நின்று கேட்டுக்கொண்டார். மனசு என்னவோ லேசாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது ஜெயக்கொடி சொன்னார். "ஓட்டு கேக்க வர்றப்ப வெள்ளன வந்துடு, தம்பி. அப்புறம் நாங்க அறுப்புக்குப் போயிடுவோம்."

"கட்சியில சீட்டு குடுக்க மாட்டாங்களே, அக்கா."

"கட்சியவா வரச் சொன்னேன்?"