மக்கும் பூட்ஸ்

இந்தத் தடவை பூட்ஸ் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தை ஒட்டிய மீன் ஷெட்டில் நாங்கள் ஒன்பது பெண்கள். எட்டுப் பேர் வெட்டுவார்கள், நான் எடை பார்த்து எழுதுவேன். முதலாளி வருஷத்துக்கு ஒரு தரம் ஈரத்தில் நிற்க ஆளுக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் தருவார். மற்றவர்கள் எதையும் மாட்டிக்கொள்வார்கள். தையல்நாயகி அக்காவால் முடியாது. சர்க்கரையில் ஒரு கால்விரல் ஏற்கெனவே போய்விட்டது. அந்த இடத்தில் ஆறாத புண்ணில் ஈரம் பட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலையை விட்டு வீட்டில் உட்கார அவளுக்கு வழியில்லை.

பழைய பிளாஸ்டிக் பூட்ஸ்களைப் பின்னால் உப்பங்கழியில்தான் வீசுவோம். தண்ணீர் வற்றும்போதெல்லாம் அவை சேற்றில் அப்படியே கிடப்பதைப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. அதனால் நாலு கடை ஏறி இறங்கி, தவளக்குப்பத்தில் ரப்பர் மரத்துப் பாலில் செய்த பூட்ஸைக் கண்டுபிடித்தேன். மண்ணோடு மண்ணாக மக்கிவிடுமாம். ஒரு வாரம் நானே போட்டுப் பார்த்தேன். சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பெருமை தாங்காமல் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் மாதம் அக்கா நொண்ட ஆரம்பித்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு மத்தியானம் நானே குனிந்து அவள் பூட்ஸைக் கழற்றினேன். காலைச் சுற்றி இரண்டு கேரி பேக். அதற்குள்ளும் தண்ணீர். கட்டுத்துணி ஊறிக் கறுத்திருந்தது. பூட்ஸின் அடி ஊறிய அப்பளம்போல் உப்பி, விரல் வைத்ததும் பிய்ந்தது. மத்தி மீன் எண்ணெய் ரப்பரைத் தின்றுவிட்டது.

"ஏங்க்கா சொல்லல?"

"நீ எம்மாம் ஆசையா தேடி வாங்கியாந்த. எப்படிடி சொல்றது?"

மற்றவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். எல்லார் பூட்ஸிலும் கேரி பேக் இருந்தது. தினம் அவற்றை எங்கே வீசினார்கள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அக்கா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என் பூட்ஸ் மட்டும் வாங்கிய அன்று போலவே இருந்தது. எடை மேடையில் ஏது மீன் எண்ணெய்? வெட்டும் இடத்தில் அவளைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.