ஒரே டப்பாவில் இரண்டு உப்பு

அந்தத் தெருவில் அவளுக்கு உப்புப் பொண்ணு என்று பெயர். பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரத் துறை நடத்தும் ஆய்வுக்காக மாதாமாதம் வீடு வீடாகப் போய் உப்புப் பாக்கெட் கொடுப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள். சில பாக்கெட்டில் மஞ்சள் பொட்டு, சிலவற்றில் பச்சை. ஒன்று கடையில் விற்கும் சாதாரண உப்பு, மற்றது சோடியம் குறைந்தது. எது எது என்று அவளுக்கே தெரியாது. ஒரு வீட்டுக்கு ஒரு நிறம். வருடம் முழுக்க அதேதான். சோடியம் குறைந்த உப்பு ரத்த அழுத்தத்தை இறக்குகிறது என்று தெரிந்துவிட்டால், நகரம் முழுக்க அதை மலிவாகக் கொடுப்பதாகத் திட்டம்.

அன்று கீழ்வீட்டுப் பெரியவளின் சமையலறையில் மீதி உப்பை எடை போட டப்பாவைத் தூக்கினாள். பின்னால் இரண்டு காலிப் பாக்கெட்டுகள். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை.

"அக்கா, உங்களுது மஞ்சள்தானே? பச்சை எப்படி இங்க வந்துச்சு?"

"மாடியிலேருந்து இறங்கி வந்துச்சு" என்றாள் பெரியவள், அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

மாடியில் இருப்பது அவள் ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு. அடுப்பு இரண்டு, மாடிப்படி ஒன்று. பேச்சுக்குரல் கேட்டு ஈரத்துணி வாளியோடு சின்னவளும் வந்து நின்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, இந்தப் பொண்ணு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கும்னு."

"நீ சும்மா இருடி." பெரியவள் திரும்பினாள். "எனக்கு நல்ல உப்பு வந்து இவளுக்கு வராமப் போனா, என் கொழுந்தன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். அதான் ரெண்டையும் கொட்டிக் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டோம். பாகப்பிரிவினையிலகூட நாங்க இவ்வளவு நேர்மையா நடந்துக்கல."

"எப்பலேருந்து?"

"நீ கொடுக்க ஆரம்பிச்சதுலேருந்து."

உப்புப் பொண்ணுக்குத் திட்ட வாய் வரவில்லை. பங்கு போட்டுச் சாப்பிட்டவர்களை எந்த வாயால் திட்டுவது? ஆனால் கலந்து சாப்பிட்டால் இரண்டு வீட்டு ரத்த அழுத்தமும் ஒன்றுபோலவே இருக்கும். இப்படி இன்னும் பல வீடுகள் கலந்திருந்தால், உப்பை மாற்றிப் பயனில்லை என்று ஆய்வு சொல்லிவிடும். மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தத்தோடு நிற்கும் பெரியவளுக்கே அந்த உப்பு கிடைக்காமல் போகும்.

துறை அலுவலகத்தில் ஆய்வுக் கணக்குகளைப் பார்ப்பவரை எல்லோரும் எக்செல் அண்ணன் என்பார்கள். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே குடும்பம்தானேம்மா. நீக்கிட்டுப் போயிடலாம், விடு."

"ஒரே குடும்பம்னு யாருண்ணே சொன்னா? நான் கேட்டது ஒரு குடும்பத்தைத்தான்."

"அதுக்கு?"

"எல்லா வீட்டுலயும் கேக்கணும்."

"கேட்டு, பாதித் தெரு ஆமான்னு சொன்னா? உன் தெருவையே ஆய்வுலேருந்து தூக்கிடுவாங்க. அதோட உன் வேலையும்."

அது அவளுக்குத் தெரியாததல்ல. பேருந்தில் வரும்போதே அந்தப் பயம் இருந்தது. தன்மேலும் சந்தேகம்: முதல் நாளே சரியாக விளக்கியிருந்தால் இப்படி ஆகியிருக்குமோ? அவள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"பேராசிரியர் அம்மாகிட்ட நானே சொல்றேண்ணே. நீங்க கூட வந்து நின்னாப் போதும்."

"நிக்கிறதுக்கு மட்டும் நல்லா ஆள் பிடிக்கிற" என்று முனகிக்கொண்டே எழுந்தார்.

ஆய்வை நடத்தும் பேராசிரியர் அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கேளு. உன் தெருவுல மட்டுமில்ல, எல்லாத் தெருவுலயும் ஒரே மாதிரி கேக்கச் சொல்றேன். கலந்த வீட்டைக் கலந்த வீடுன்னே எழுதுவோம். உன் தெரு நிக்குமா போகுமான்னு இப்ப நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

"சரிங்கம்மா."

மறுநாள் காலை தெருமுனையில் பெரியவள் காத்திருந்தாள். கையில் உப்பு டப்பா. முந்தின மாலையே உப்புப் பொண்ணு அவளிடம் நடந்ததையெல்லாம் சொல்லியிருந்தாள்.

"நீங்க எதுக்குக்கா?"

"நீ தனியாப் போய்க் கேட்டா எவளும் வாயைத் திறக்க மாட்டா. நான்தான் முதல்ல கலந்தேன், நானே முதல்ல சொல்றேன்."

உப்புப் பொண்ணு முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த பெண், இருவரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க உப்பை யார்கூடயாவது மாத்தினீங்களா, கலந்தீங்களா? கோபப்பட மாட்டேன், உண்மை மட்டும் வேணும்" என்றாள் உப்புப் பொண்ணு. பார்வையை விலக்கவில்லை.

அந்தப் பெண் பெரியவளைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்கற? நான் கலந்தேன், ஒத்துக்கிட்டேன். பொய் சொன்னா அந்த உப்பு நம்ம யாருக்குமே கிடைக்காது. சொல்லித் தொலை."

"பக்கத்து வீட்டுல கலக்கலாமான்னு கேட்டாங்க. நான் மாட்டேன்னுட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

உப்புப் பொண்ணு அதை எழுதிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.